முப்பத்தெட்டாவது லெவல்

"உங்க அண்ணன் முப்பத்தெட்டாவது லெவலைத் தாண்டல மேடம். இனிமே தாண்டுவாருன்னு எனக்கு நம்பிக்கையும் இல்ல" என்று டாக்டர் ஷிஃபானா சொன்னபோது மெற்றில்டாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு மனுஷனுக்குப் பேச்சு திரும்புமா திரும்பாதா என்பதை ஒரு வீடியோ கேம் தீர்மானிப்பதாவது!

அவள் அண்ணன் செலஸ்டின் சாதாரணப் பேச்சுக்காரர் இல்லை. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் இருபது வருஷமாக ஏலம் கூறியவர். சீலா, பாறை, ஊளி என்று மீன்கள் கூடைகூடையாக இறங்கும் நேரத்தில் ஆயிரம் பேர் இரைச்சலுக்கு மேலே அவர் குரல் தனியாக நிற்கும். ஒரு நாள் காலை, ஏலத்தின் நடுவே அந்தக் குரல் பாதியில் அறுந்தது. வலது கை தொங்கியது. வாய் அசைந்தது, சொல் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் ஒரே ஒரு ஓசை, "ம்".

கடற்கரைச் சாலையில் இருந்த அந்த மறுவாழ்வு மையத்தில் அவருக்கு நரம்பு வலை பொருத்தினார்கள். வெங்காயச் சருகு போல ஒரு மெல்லிய வலை. மூளையின் மேல் விரித்து வைத்தால், செத்துப்போன இடத்தைச் சுற்றிப் புதுப்பாதை போடும். பாலம் உடைந்த ஊருக்கு ஓடை ஓரமாக மண்பாதை போடுவது மாதிரி. ஆனால் அது தானாகப் போடாது. மூளை முட்டிமோதி வேலை செய்யும்போதுதான் கூடவே ஓடிக் கற்றுக்கொள்ளும். அதற்காகத்தான் கேம். வலையைத் தயாரித்த ஜப்பான் நிறுவனம் ஒரு பழைய விளையாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தது. பேச்சு வேண்டாம், எழுத்து வேண்டாம், ஒரு கை போதும். முதல் லெவல் குழந்தைக்கும் புரியும், கடைசி லெவல் கெட்டிக்காரனையும் திணறடிக்கும். ஒவ்வொரு லெவலைத் தாண்டும்போதும் வலை ஓர் அடுக்குப் பின்னிக்கொள்ளும். நாற்பதை நெருங்கும்போது ஜப்பானில் நோயாளிகள் வாய் திறந்தார்கள்.

தூத்துக்குடியில் யாரும் திறக்கவில்லை. செலஸ்டினுக்கு முன்னால் பதினோரு பேர் அதே முப்பத்தெட்டில் நின்றுபோனார்கள். கற்றுக்கொள்ளாத வலை மூளை மேல் சும்மா ஓடினால் வலிப்பு வரும் என்பதால், குறித்த கெடுவுக்குள் தேறாவிட்டால் நிறுவனமே ஜப்பானிலிருந்து அதை அணைத்துவிடும். பதினோரு வலைகளையும் அப்படித்தான் அணைத்தார்கள்.

"ஏன் டாக்டர் நம்ம ஆளுகளுக்கு மட்டும் இப்படி?" என்று கேட்டாள் மெற்றில்டா.

ஷிஃபானா காயல்பட்டினத்துக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "சின்ன வயசுல இந்த மாதிரி கேமெல்லாம் ஆடிப் பழகாத ஆளுங்க, அதனால மூளை வளைஞ்சு கொடுக்கலைன்னு கம்பெனி சொல்லுது. நான் மொதல்ல ஒத்துக்கல. பதினோராவது ஆளுக்கு அப்புறம் ஒத்துக்கிட்டேன்."

"அண்ணன் ஆடுறத நான் ஒரு தடவ பாக்கணும்."

சொந்தக்காரர்களைப் பயிற்சி அறைக்குள் விடுவதில்லை, கவனம் கலையும் என்று. ஆனால் வார முடிவில் அணைக்கப்போகும் வலைக்குக் கவனம் கலைந்தால் என்ன, கலையாவிட்டால் என்ன? ஷிஃபானா கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே போன மெற்றில்டா திரையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கட்டம் போட்ட தரையில் ஒரு சிவப்பு நண்டு. சுற்றிலும் பெட்டிகள். குழிகளில் பெட்டிகளைத் தள்ளி நிரப்பினால் கதவு திறக்கும். நண்டுக்குத் தள்ளத் தெரியும், இழுக்கத் தெரியாது.

"இது எங்க வீட்டுல இருந்த கேம்!"

அவர்களுடைய அப்பா கப்பலில் இருந்தவர். ஒரு தடவை கோபே துறைமுகத்திலிருந்து கேம் பெட்டியும் இந்தக் கேசட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. நண்டு கேம் என்று பேர் வைத்துக்கொண்டார்கள். மெற்றில்டா இன்றைக்கு ஒரு கப்பல் ஏஜென்சியின் மேலாளர். பன்னிரண்டு கப்பல்களின் வரவும் போக்கும் அவள் தலைக்குள் இருக்கிறது. ஆனாலும் அந்த நண்டைப் பார்த்ததும் கட்டைவிரல் தானாகத் துடித்தது.

செலஸ்டின் தங்கையைப் பார்த்து "ம்" என்றார். இடது கையால் நண்டை நகர்த்தத் தொடங்கினார். முதல் பெட்டி குழியில் விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. இனி ஒன்றுதான் பாக்கி, நேராகத் தள்ளினால் தீர்ந்தது. அந்த இடத்தில் அவர் நண்டைத் திருப்பினார். மூலைக் குழியில் அழகாக உட்கார்ந்திருந்த பெட்டியை வெளியே தள்ளினார். அது போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. ஒட்டினால் எடுக்க வழியில்லை. லெவல் போச்சு.

மறுபடியும் தொடங்கினார். மறுபடியும் நாலு பெட்டி. மறுபடியும் அதே மூலைப் பெட்டியை வெளியே தள்ளினார்.

"பாத்தீங்களா?" என்றார் ஷிஃபானா தணிந்த குரலில். "செஞ்சத அவரே கலைக்கிறாரு. தினமும் இதேதான். மூளை அடிபட்டவங்ககிட்ட இது ஒரு அறிகுறி."

மெற்றில்டா மூன்றாம் முறையும் பார்த்தாள். பிறகு டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் தப்பா ஆடல டாக்டர். சரியாத்தான் ஆடுதாங்க. லெவல்தான் தப்பு."

"என்ன சொல்றீங்க?"

"எங்க கேசட்டுல முப்பத்தெட்டாவது லெவல் இது கெடையாது. அதுல நடுவுல ஒரு ஓடை ஓடும். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டி, ஒரு குழி, பக்கத்துல கதவு. அந்தக் குழி நெறஞ்சாலே போதும், கதவு தெறந்துரும். இந்தப் பக்கத்துக் குழியெல்லாம் நெறஞ்சு எல்லாம் முடிஞ்ச மாதிரி இருக்கும், ஆனா நண்டு இந்தப் பக்கமே மாட்டிக்கிட்டு நிக்கும். சரியா வச்ச மூலைப் பெட்டிய நீங்களே வெளிய தள்ளி ஓடையில போட்டாத்தான் பாலம் ஆகும். அதுல ஏறித்தான் அந்தப் பக்கம் போகணும். நானும் அண்ணனும் ஒரு பெரிய லீவு முழுக்க அதுல கெடந்தோம்."

"அப்ப இந்த லெவல்?"

"இது வெளிநாட்டுக்குன்னு போட்ட கேசட். பக்கத்துத் தெரு டெரன்ஸ் வீட்டுல இருந்துச்சு, சிங்கப்பூர்ல வாங்குனது. அதுல ஓடையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. யாரு புளுகுதான்னு அவனுக்கும் எனக்கும் அடிதடியே நடந்துச்சு."

ஷிஃபானா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மறுத்ததிலும் நியாயம் இருந்தது. "மேடம், அப்படின்னா கண்ணு முன்னால இருக்கிற லெவல விட்டுட்டு, சின்ன வயசு ஞாபகத்த ஆடுறாரு. அதுவும் பாதிப்புதானே? வலை கத்துக்கலைங்கிறது மாறலியே."

மெற்றில்டா கிளம்பினாள். ஆனால் கதவு வரை போனவள் திரும்பினாள். "மத்த பதினோரு பேரு எப்படித் தோத்தாங்க டாக்டர்?"

ஷிஃபானா அந்தப் பதிவுகளை ஒரே திரையில் சேர்த்துப் பார்த்ததே இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தோற்றார்கள், தனித்தனியாகத்தான் அணைக்கப்பட்டார்கள். இப்போது ஒவ்வொன்றாக ஓடவிட்டார். முதலில் சுடலைமுத்து, லாரி டிரைவர். நாலு பெட்டி வைத்தார், மூலைப் பெட்டியை வெளியே தள்ளினார். அடுத்து சங்கரவடிவு, பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர். நாலு பெட்டி, மூலைப் பெட்டி. அதற்கடுத்தவர், அதற்கும் அடுத்தவர். பதினோரு பேரும் ஒரே குழியிலிருந்து ஒரே பெட்டியை ஒரே பக்கமாகத் தள்ளினார்கள்.

"இவங்க யாரு வீட்டுலயாவது ஜப்பான் கேசட் இருந்திருக்குமா?" என்று கேட்டார் ஷிஃபானா.

"எங்க தெருவுலயே எங்க வீட்டுல மட்டுந்தான் இருந்துச்சு."

"அப்ப இது ஞாபகம் இல்ல." ஷிஃபானா நாற்காலியில் உட்கார்ந்தார். "வலை கேக்குது. இந்த வலைக்கு ஆரம்பப் பாடம் சொல்லிக் கொடுத்தது ஜப்பான் ஆளுங்க. அவங்க ஊர்க் கேசட்ட அவங்க ஆடி ஆடித்தான் வலைக்கு அச்சு வார்த்தாங்க. முப்பத்தெட்டுல, செஞ்சத நீயே கலைச்சாத்தான் மேல போகலாம்னு ஒரு பாடம் இருக்கு. வலை அந்தப் படியில காலை வைக்கத் தேடுது, மூளையும் அதுக்குக் கட்டுப்பட்டுக் கலைச்சுப் பாக்குது. ஆனா நாம வச்ச லெவல்ல அந்தப் படியே இல்ல."

"எதுக்கு லெவல மாத்துனான்?"

அதற்கான விடையை இருவரும் இணையத்தில் கண்டுபிடித்தார்கள். பழைய கேம்களைச் சேகரிப்பவர்கள் இரண்டு பதிப்புகளையும் லெவல் லெவலாகப் பக்கத்தில் வைத்துப் படம் போட்டிருந்தார்கள். எல்லாம் முடிந்த மாதிரி தெரிந்தும் கதவு திறக்காவிட்டால், கேசட் பழுது என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என அந்தக் காலத்தில் விற்றவர்கள் பயந்தார்களாம். அந்த ஓடை லெவலை எடுத்துவிட்டு, நீளமான ஆனால் நேரான ஒரு லெவலை வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். யாரோ ஒரு வியாபாரியின் பயம் ஐம்பது வருஷம் கழித்துத் தூத்துக்குடியில் பன்னிரண்டு பேரின் வாயை அடைத்திருந்தது.

ஷிஃபானா அன்றே நிறுவனத்துக்கு எழுதினார். மறுநாள் பதில் வந்தது. கவனிப்புக்கு நன்றி. வெளிநாடுகளுக்கு வெளிநாட்டுப் பதிப்புக்கே உரிமம் உள்ளது. மாற்றம் செய்வதானால் முறையான ஆய்வு தேவை, ஓராண்டு ஆகலாம். நோயாளி செலஸ்டினின் வலை குறித்த நாளில் அணைக்கப்படும்.

"ஓராண்டு!" என்றார் ஷிஃபானா. "அந்தப் பதினோரு வீட்டுலயும் நான்தான் போய்ச் சொன்னேன், உங்க ஆளுக்கு முடியலைன்னு. முடியலைங்கிற அந்த வார்த்தைய என் வாயால சொன்னேன்."

மெற்றில்டாவுக்கு அவரைத் தேற்ற நேரமில்லை. ஒரு கப்பல் கரையணைந்து நிற்க ஒரு பெர்த் கிடைக்காவிட்டால் இன்னொன்று பார்க்கிற புத்தி அவளுக்கு. "டாக்டர், வலைக்குத் திரை தெரியுமா?"

"திரையா? தெரியாது. மூளைக்குள்ள ஓடுறதுதான் அதுக்குத் தெரியும்."

"அப்ப நமக்குத் திரை எதுக்கு?"

அடுத்த நாள் காலை மையத்தின் பின்பக்க முற்றத்தில் இரண்டு குட்டியானை வண்டிகள் வந்து நின்றன. துறைமுகத்து ஆட்கள் குதித்து இறங்கினார்கள். கழுவிக் கொண்டுவந்தும் மீன்வாடை போகாத பிளாஸ்டிக் பெட்டிகளை இறக்கினார்கள். மெற்றில்டா சுண்ணாம்பால் தரையெங்கும் கட்டமும், குழிகளுக்கு வட்டமும் போட்டாள். செங்கற்களை அடுக்கிச் சுவர் ஆக்கினார்கள். நடுவில் நீலத் தார்ப்பாயை நீளமாக விரித்தார்கள், அதுதான் ஓடை. இணையத்தில் கிடைத்த படத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கட்டம் கட்டமாகச் சரிபார்த்து, கடைசிப் பெட்டியையும் அதன் இடத்தில் வைத்தாள்.

சக்கர நாற்காலியில் செலஸ்டினைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் முற்றத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

"நாந்தான் நண்டு" என்றாள் மெற்றில்டா, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டே. "எங்க போகணும்னு காட்டுங்கண்ணே."

நர்ஸ்கள் ஜன்னலோரம் கூடினார்கள். மற்ற நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் வெளியே வந்தார்கள். ஷிஃபானா கையில் டேப்லெட்டோடு ஓரமாக நின்றார். அதில் செலஸ்டினின் வலை ஒரு வரைபடமாகத் தெரிந்தது. பாதி வெளிச்சம், பாதி இருட்டு.

செலஸ்டின் இடது கையை நீட்டினார். மெற்றில்டா போனாள், தள்ளினாள். முதல் பெட்டி தன் இடத்தில் உட்கார்ந்தது. கூட்டம் கைதட்டியது. இரண்டு, மூன்று, நாலு. அவளுக்கு மூச்சு வாங்கியது.

நாலாவதுக்குப் பிறகு அவர் கை மூலைப் பெட்டியைக் காட்டியது.

"ஏ அண்ணாச்சி, அது சரியாத்தான இருக்கு! அத ஏன் எடுக்கச் சொல்லுதிய?" என்று கத்தினார் துறைமுகத்து ஆள் ஒருவர்.

செலஸ்டின் கையை எடுக்கவில்லை. விரல் அங்கேயே குத்திட்டு நின்றது. மெற்றில்டா மூலைப் பெட்டியின் பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். நிறைந்த இடம் காலியாயிற்று. பெட்டி சரக் சரக்கென்று உரசிக்கொண்டு போய் நீலத் தார்ப்பாயின் மேல் ஏறி நின்றது.

ஓடைக்குப் பாலம் வந்துவிட்டது.

ஷிஃபானாவின் கையில் வரைபடத்தின் இருண்ட பக்கத்தில் ஒரு புள்ளி மினுங்கியது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று.

இனி மெற்றில்டா பாலத்தில் ஏறிப் போய், கடைசிப் பெட்டியைக் கதவோரக் குழிக்குள் தள்ளவேண்டும். ஆனால் எந்தப் பக்கமிருந்து? படத்தை எங்கோ கீழே போட்டிருந்தாள். இடப்பக்கம் போனாள். செலஸ்டின் கையை ஆட்டினார். "இந்தப் பக்கமா?" என்று கேட்டு எதிர்ப்பக்கம் ஓடினாள். அதுவும் இல்லை. அவர் கை வேகவேகமாக ஆடியது. முகம் சிவந்தது. ஏலத்தில் எவனாவது விலையைக் கேட்காமல் பராக்குப் பார்த்தால் வரும் அந்தக் கோபம் கழுத்து நரம்பில் ஏறியது. மெற்றில்டா வியர்த்து விறுவிறுத்து, தெரியாத்தனமாகச் சரியான இடத்துக்கே வந்து, அது சரி என்று தெரியாமல் மறுபடி நகரப் பார்த்தாள்.

"த..." என்றார் செலஸ்டின்.

மெற்றில்டா நின்ற இடத்திலேயே திரும்பினாள்.

"த... தள்... தள்ளு!" அந்தச் சொல் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. "தள்ளு! மெத்தி, தள்ளு!"

வீட்டில் கூப்பிடும் பேர். அந்தப் பேரைக் கேட்டு எத்தனை மாதம்! மெற்றில்டா அழுதுகொண்டே தள்ளினாள். பெட்டி கடைசிக் குழியில் போய் நின்றது. துறைமுகத்து ஆட்கள் போட்ட கூச்சலில் மதில் மேலிருந்த காக்கையெல்லாம் பறந்தன. ஷிஃபானா டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வரைபடத்தில் இருட்டாக இருந்த பாதி, விளக்கு வைத்த தெரு மாதிரி வரிசையாக எரிந்துகொண்டிருந்தது.

அன்று டேப்லெட்டில் பதிவானது நிறுவனத்துக்குப் போனது. வலையை அணைக்கவேண்டிய நாள் வந்தது, போனது. யாரும் அணைக்கவில்லை. இரண்டு வாரத்தில் ஜப்பான் பதிப்பு வந்து சேர்ந்தது, எந்த ஆய்வும் இல்லாமல்.

ஷிஃபானா அந்தப் பதினோரு பேரையும் தேடிப் போனார். வலைகளை அணைத்திருந்தார்களே தவிர, எடுக்கவில்லை. சுடலைமுத்து மகனோடு பைக்கில் வந்து இறங்கினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். பத்துப் பேர்தான் வந்தார்கள். சங்கரவடிவு டீச்சர் போன தை மாதமே காலமாகியிருந்தார்.

அந்த வீட்டுக்கு ஷிஃபானாவோடு மெற்றில்டாவும் போனாள். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் டாக்டர் சொல்லி முடித்தார். டீச்சரின் கணவர் சுவரில் இருந்த மனைவியின் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"கடைசி வரைக்கும் என்னமோ சொல்ல வந்தா" என்றார். "எனக்குப் புரியல. 'நான் சரியாத்தான் செய்யுதேன்'னு சொல்ல வந்திருப்பாளோ?"

கிளம்பும்போது அவரே எழுந்து வாசல் வரை வந்தார். "மத்தவங்கள விட்டுராதிய டாக்டர்" என்றார்.

விடவில்லை. சொல்லப்போனால், தேவைக்கு மேலேயே செய்தார்கள். அது மெற்றில்டாவின் யோசனை. "வெளிநாட்டுக் கேசட்டுல சில லெவலத் தூக்கினாங்கன்னா, அந்த இடத்துல புதுசா வச்சதும் இருக்குல்லா? அதையும் ஏன் விடணும்? ரெண்டையும் ஆடட்டும்."

இரண்டையும் ஆடினார்கள். தினமும் சாயங்காலம் மையத்தின் கூடத்தில் ஒரே கூச்சல். முதலில் ஒற்றைச் சொற்கள் வந்தன. தண்ணி, சோறு, போ, வா. பிறகு, அறுபத்தொன்றாவது லெவலுக்குப் பிறகு, சொல்லோடு சொல் ஒட்டத் தொடங்கியது. சுடலைமுத்து காப்பியில் சீனி போதவில்லை என்று முழு வாக்கியத்தில் குறை சொன்னபோது சமையல்காரர் கோபப்படாமல் அவரைக் கட்டிக்கொண்டார். செலஸ்டின் ஒரு நாள் தங்கையோடு அரை மணி நேரம் சண்டை போட்டார். மெற்றில்டா வேண்டுமென்றே சண்டையை நீட்டினாள்.

அப்போதுதான் ஜப்பானிலிருந்து அழைப்பு வந்தது. வலையை உருவாக்கிய டாக்டர் மொரிஷிதாவே பேச விரும்புகிறாராம், நோயாளிகளையும் கூட்டி வைக்கச் சொன்னாராம். விதியை மீறியதற்குக் கணக்குக் கேட்கப்போகிறார்கள் என்று ஷிஃபானா வாதத்தையெல்லாம் தயார் செய்துகொண்டு உட்கார்ந்தார்.

திரையில் தோன்றிய நரைத்த மனிதர் முதலில் தலை தாழ்த்தி வணங்கினார். நிமிரவே நேரம் எடுத்துக்கொண்டார். அவர் பேசப் பேச, பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"உங்கள் பதிவுகளைப் பார்த்தோம். உங்கள் நோயாளிகள் வாக்கியம் பேசுகிறார்கள். எங்கள் நோயாளிகள் பேசுவதில்லை."

"என்னது?" என்றார் ஷிஃபானா.

"ஒற்றைச் சொற்களோடு நின்றுவிடுகிறார்கள். எல்லோரும் அறுபத்தொன்றில் நிற்கிறார்கள். வலையின் எல்லையே அவ்வளவுதான் என்று இத்தனை காலமும் நாங்கள் நினைத்திருந்தோம். இப்போதுதான் தெரிகிறது. உங்கள் அறுபத்தொன்றில் இரண்டு நண்டுகள் இருக்கின்றன. எங்கள் அறுபத்தொன்றில் ஒன்றுதான்."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. வெளிநாட்டில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஆடுவார்கள் என்று விற்பனைக்காகச் சேர்த்த லெவல் அது. ஒரு நண்டை நிறுத்தி வைத்து, அதை மறக்காமல் மற்றதை நகர்த்தவேண்டும். ஒன்றைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றைத் தேடுவது. ஒரு சொல்லோடு அடுத்த சொல்லைச் சேர்ப்பதற்கு மூளைக்கு அந்தப் பாடம் தேவைப்பட்டிருக்கிறது. உலகத்தில் இரண்டு பாடத்தையும் படித்தவர்கள் இந்தக் கூடத்தில் இருந்த பதினோரு பேர் மட்டும்தான்.

"இவர் திருமதி ஹயாமா" என்றார் மொரிஷிதா. அவர் பக்கத்தில் ஒரு பெண்மணி ஒரு கையை மடியில் போட்டபடி உட்கார்ந்திருந்தார். முன்னால் இரண்டு நண்டுகள் உள்ள லெவல். "மூன்று வாரமாக முயற்சி செய்கிறார். உங்களில் யாராவது சொல்லிக் கொடுப்பீர்களா?"

கூடமே செலஸ்டினைத் திரும்பிப் பார்த்தது. அவர் நாற்காலியைத் திரைக்கு முன்னால் உருட்டிக்கொண்டு வந்தார். தொண்டையைச் செருமினார். பழைய வேகம் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் தூக்கி வைக்கிற மாதிரிதான் வந்தது. ஆனால் வந்தது.

"மொத நண்ட... கல்லு மேல ஏத்தி... நிறுத்துங்க. அத மறந்துராதிய. இப்ப ரெண்டாவதக் கூப்பிடுங்க. அவசரமே இல்ல."

மொழிபெயர்ப்பாளர் சொன்னார். ஹயாமாவின் கை நகர்ந்தது. முதல் நண்டு கல்லில் ஏறியது. இரண்டாவது நண்டு சுற்றிக்கொண்டு வந்து பெட்டியை முட்டியது, நின்றது, மறுபடி முட்டியது. செலஸ்டின் முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் பெட்டி மெல்ல நகர்ந்து குழிக்குள் இறங்கியது. ஹயாமா நிமிர்ந்தார். இரண்டு சொற்கள், நடுவில் நீண்ட இடைவெளியோடு, ஒன்றின் பின் ஒன்றாக வந்தன. மொரிஷிதா கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்தார்.

"என்ன சொல்லுதாங்க?" என்று கேட்டார் செலஸ்டின்.

மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "பெட்டி கனமா இருக்குன்னு சொல்றாங்க."

செலஸ்டின் சிரித்தார். "கனந்தாம்மா" என்றார். "எனக்கும் கனமாத்தான் இருந்துச்சு."